மஹ்ஜூபாவின் இத்தா

பிணம் தூக்கும் சந்தூக்கின் பின்கால் கதவு நிலையில் இடித்து நின்றுவிட்டது. உள்ளே கபன் துணிக்குள் கிடந்த புஷைப் ஒரு பக்கமாகச் சரிந்தான். தூக்கியிருந்த நான்கு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"இடப்பக்கம் சாய்ங்கப்பா."

"சாய்ச்சா ஆள் உருண்டுருவாரு."

"உசிரோட இருந்தப்பவும் இந்த வாசல்ல நேரா வந்து போனதில்லையே மனுசன்," என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான். இரண்டு பேர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். செத்தவனின் தம்பி கத்தூர் திரும்பி முறைத்தான். புஷைப் குடித்துவிட்டு எந்தச் சுவரில் மோதினான், எந்தப் படியில் விழுந்தான் என்பதெல்லாம் அந்தச் சந்துக்கே தெரியும்.

முன்பக்கம் தோள் கொடுத்திருந்த ஜிலாலி சிரிக்கவில்லை. செத்தவன் அவன் தங்கை மஹ்ஜூபாவின் புருஷன். அன்று காலை ஆஸ்ஃபி துறைமுகத்து டீக்கடையில் இரண்டாவது கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டான். மத்தி பிடிக்கும் படகில் முப்பது வருஷம் போய் வந்தவன், கடைசியில் நாற்காலியிலிருந்து விழுந்து செத்தான். சாயங்கால அஸர் தொழுகையோடு அடக்கம்.

சந்தூக்கை ஒருவழியாகச் சாய்த்து வெளியே எடுத்தபோது வீட்டுக்குள் பெண்கள் ஓலமிட்டார்கள். எல்லோரையும்விட உரக்க அழுதது கத்தூரின் மனைவி ஹத்தூம். அவள் புருஷனின் அண்ணனான புஷைபோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். ஜிலாலி திரும்பிப் பார்த்தான். மஹ்ஜூபா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. வலது கையால் இடது கையைப் பிடித்திருந்தாள். அந்த இடது மணிக்கட்டு எப்போதோ முறிந்து, தப்பாகக் கூடி, கோணலாகவே நின்றுவிட்டது. சந்தூக் சந்து முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வழியனுப்புகிறவள் பார்வையாக அது இல்லை. போயாயிற்றா என்று பார்க்கிறவள் போல நின்றாள்.

மையவாடியில் மண் போட்டு முடிந்தது. ரொட்டியும் காய்ந்த அத்திப்பழமும் வந்தவர்களுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். கத்தூர் ஒரு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஜிலாலியின் பக்கம் வந்தான்.

"நாளைக்குக் காலையில மதினியை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அண்ணன் பொண்டாட்டியை நடுத்தெருவுல விடவா? புள்ளைகுட்டியும் இல்ல. எங்க வீட்ல இருக்கட்டும். அம்மாவுக்கும் ஒரு துணை."

துணையாம். கத்தூரின் தாய் ஆறு வருஷமாகப் படுத்த படுக்கை. அவளைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி ஹத்தூமுக்கு இடுப்பு போய்விட்டது. ஹத்தூம் எதற்காக அவ்வளவு உரக்க அழுதாள் என்பது இப்போது ஜிலாலிக்கு விளங்கிற்று.

"அவ என் தங்கச்சி. எங்க வீட்டுக்குத்தான் வருவா," என்றான்.

"உங்க வீட்ல யாரு இருக்கா? நீ மட்டும்தானே?"

"நான் இருக்கேன்ல? போதாதா?"

ஜிலாலியின் மனைவி போன குளிர்காலத்தில் செத்துப்போனாள். மகன்கள் இத்தாலியில். போனில் துஆ சொல்வார்கள். அன்றிலிருந்து ஜிலாலி முட்டையும் ரொட்டியும்தான் தின்கிறான். சட்டையைத் தானே துவைத்து, நீலம் எல்லாம் சாம்பல் ஆகிவிட்டது. ஆனால் தங்கையைக் கூட்டிப்போக நினைத்ததற்கு அதுதான் காரணம் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பான். பாசம் என்றுதான் அவன் நினைத்தான். நினைப்பதற்கு என்ன, யாரும் எதையும் நினைக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பியபோது சந்தில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜிலாலி உடன்பிறந்தவன் என்பதால் உள்வாசல்வரை போனான். உள்ளே சந்துப் பெண்கள் எல்லோரும் சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்க, நடுவில் ஹத்தூம் நின்றிருந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை.

"எல்லாரும் இருக்காங்க. இப்பவே உடுத்திக்க," என்று மூட்டையை மஹ்ஜூபாவின் மடியில் போட்டாள். "எங்க மச்சானுக்கு இந்த மரியாதையாவது செய். இத்தா இருக்கிற நாலு மாசம் பத்து நாளும். வெள்ளை அங்கி, வெள்ளை முக்காடு, வெள்ளைக் காலுறை. எல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன்."

வெள்ளை உடுத்துவது ஊர் வழக்கம், புருஷன் செத்த எல்லாப் பெண்ணும் உடுத்துவதுதான். மூட்டையை இரவு தனியாகக் கொடுத்திருக்கலாம். ஹத்தூம் எல்லோர் முன்னாலும் போட்டதற்குக் காரணம் வேறு. இந்தக் கோணல் கைக்காரி மாட்டேன் என்பாள், முகத்தைச் சுளிப்பாள், ஊரே பார்க்கட்டும், பிறகு தலைகுனிந்து நாம் சொல்கிற இடத்துக்கு வருவாள். அதுதான் அவள் கணக்கு. அங்கிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அது புரிந்தது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டபோதும் அவர்கள் வாய் திறக்கவில்லை.

மஹ்ஜூபா மூட்டையைப் பிரித்தாள். அங்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையலை விரலால் தடவிப் பார்த்தாள், கடையில் வாங்குகிறவள் மாதிரி.

"நல்ல துணிதான் வாங்கியிருக்கே," என்றாள்.

எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது தலை முதல் கால்வரை வெள்ளை. காலுறையைக்கூட விடவில்லை. பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஒரு கிழவி, "புருஷன் மதிப்பு தெரிஞ்சவ," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹத்தூம் ஜெயித்தவளைப் போலவும் ஏமாந்தவளைப் போலவும் நின்றாள்.

ஜிலாலிக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் குடிகாரனுக்கு வெள்ளை ஒரு கேடா? ஆனாலும் பேசாமல் வெளியே வந்துவிட்டான். நாளைக்குக் கூட்டிப் போய்விட்டால் என்ன உடுத்தினால் என்ன.

மறுநாள் காலை ஜிலாலி மூன்று சக்கர வண்டிக்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். சாமான் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வந்து பார்த்தால் முற்றத்தில் கத்தூர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஹத்தூம். இரவு ஓத வந்த இமாம் காலை டீக்கும் இருந்தார். சாவு வீட்டில் சாப்பாடு முடிகிறவரை ஓதுகிறவர்கள் போவதில்லை. மஹ்ஜூபா அறைக்குள் இருந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

"வண்டி எதுக்கு?" என்றான் கத்தூர்.

"உன்னை ஏத்திட்டுப் போக."

"இங்க பாரு ஜிலாலி, மரியாதையா சொல்றேன். அவ எங்க வீட்டு மருமக."

"மருமகளா? எந்த நோன்புக்கு அவளுக்கு ஒரு முக்காடு எடுத்துக் குடுத்தீங்க? கை முறிஞ்சப்ப எவனாவது வந்து பாத்தீங்களா?"

"நீ வந்து பாத்தியா?"

ஜிலாலி வண்டிக்காரனைப் பார்த்து, "நீ ஏன்டா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற, வண்டியத் திருப்பி நிறுத்து," என்றான்.

ஹத்தூம் நடுவில் புகுந்தாள். "உங்க வீட்ல அவ என்ன செய்வா, உங்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு? எங்க மாமியாருக்கு அவ கைன்னா பிடிக்கும்."

"உன் மாமியாருக்கு அவ பேரு ஞாபகம் இருக்கா? போய்க் கேட்டுட்டு வா."

"ஆறு வருசம்!" ஹத்தூமின் குரல் திடீரென்று உடைந்தது. "ஆறு வருசம் நான் ஒருத்தியே அள்ளிக் கொட்டுறேன். ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல. என் கையில வர்ற நாத்தம் போகல. இன்னொருத்தி வந்தா என்ன கொறஞ்சிரும்?"

முந்தைய நாள் ஓலத்தைவிட இந்த அழுகை நிஜம். அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கத்தூர் தன் டீயைப் பார்த்தான்.

அப்போதுதான் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மஹ்ஜூபாவின் குரல் வந்தது.

"இமாம், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"புருஷன் செத்த பொம்பளை இத்தா முடியறதுக்குள்ள வீடு மாறலாமா?"

இமாம் தாடியைத் தடவினார். கத்தூர் வாங்கிக் கொடுத்த பாதாம் பலகாரம் இன்னும் அவர் வாயில் இருந்தது. மெல்ல விழுங்கினார்.

"செத்த செய்தி எந்த வீட்ல அவளுக்கு வந்துச்சோ, தவணை முடியிறவரை அந்த வீட்லயே இருக்கணும். அதான் சட்டம். ஆனா…" கத்தூரைப் பார்த்தார். "நிர்ப்பந்தம் இருந்தா மாறலாம். வீடு இடியிற மாதிரி இருந்தா, திருடன் பயம் இருந்தா, அந்த வீட்ல அவ உசிருக்குப் பயம் இருந்தா மாறலாம்."

"வீடு இடியல," என்றாள் மஹ்ஜூபா. "திருடன் வந்தா எடுத்துட்டுப் போக ஒண்ணுமில்ல. உசிருக்கு இருந்த பயத்தை நேத்து அஸருக்கு நீங்களே தூக்கிட்டுப் போயிட்டீங்க."

வண்டிக்காரன் தொண்டையைச் செருமினான்.

"பொம்பளை தனியா எப்படி இருப்பா?" என்றான் கத்தூர். ஜிலாலியும் அதையே சொல்ல வாயெடுத்திருந்தான். வாழ்க்கையில் முதன்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

மாடியிலிருந்து பக்கத்து வீட்டு யம்னா குரல் கொடுத்தாள். அவள் எவ்வளவு நேரமாக அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. "என் மாடியும் அவ மாடியும் ஒட்டித்தானே இருக்கு? கூப்பிட்டா நான் வந்துருவேன். இப்பவாச்சும் வர்றேன்."

கத்தூர் இமாமிடம் குனிந்து ஏதோ சொன்னான். இமாம் தலையசைத்தார், முடியாது என்று. "வெள்ளை உடுத்திட்டாப்பா. சந்தே பாத்துருச்சு. இப்ப அந்த வெள்ளையோட அவளை வண்டியில ஏத்துனா எனக்கும் கெட்ட பேரு, உனக்கும் கெட்ட பேரு."

கத்தூர் மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில், எல்லோர் முன்னாலும் உடுத்தச் சொன்னது யார் என்ற கேள்வி இருந்தது. ஹத்தூம் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எழுந்து போகும்போது கத்தூர் வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"இருக்கட்டும். நாலு மாசம் பத்து நாள் ஓடியே போயிரும். அப்புறம் இந்த வீட்டை விக்கத்தான் போறோம். கால் பங்கு அவளுக்கு. கால் பங்குல கதவு வருதா, படி வருதான்னு அப்பப் பாத்துக்கலாம்."

அவன் சொன்னது பொய்யில்லை. பிள்ளையில்லாத விதவைக்குக் கால் பங்குதான். அதையும் கேட்டுவிட்டு மஹ்ஜூபா உள்ளேயே இருந்தாள்.

எல்லோரும் போனபின் ஜிலாலி அறைக்குள் போனான். புஷைப் படுத்திருந்த பெரிய மெத்தை சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மஹ்ஜூபா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு சிறு கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, கோணல் மணிக்கட்டில் அவசரமில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தாவுல எண்ணெய் தேய்க்கலாமா?" என்றான் ஜிலாலி.

"வாசனை இல்லாததுன்னா தேய்க்கலாம். கேட்டுட்டேன்." அவள் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பது வருசம் அவர் காலுக்குத் தேய்ச்சேன். கடல் குளிருல கால் பிடிச்சுக்கும்னுவார். என் கைக்கு ஒரு நாளும் தேய்ச்சதில்ல. குளிர் வந்தா இதுவும்தான் பிடிச்சுக்கும்."

"என் வீட்டுக்கு வந்து தேய்ச்சுக்கோயேன். நான் என்ன அந்நியனா? உன் அண்ணன்."

"உன் வீட்ல பாத்திரமெல்லாம் கழுவாம கிடக்கா, அண்ணே?"

"பாத்திரத்துக்காகவா கூப்பிடுறேன்? சொல்லு. பாத்திரத்துக்காகவா?"

"தெரியல. நீதான் சொல்லணும்."

"நன்றி கெட்டவடி நீ."

"மூணு தடவை உன் வீட்டுக்கு வந்தேன்," என்றாள் மஹ்ஜூபா. குரலில் கோபமில்லை. கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். "ஒரு தடவை பல்லு போயி வந்தேன். ஒரு தடவை இந்தக் கையோட. மூணு தடவையும் உக்கார வெச்சு, புதினா போட்டு டீ குடுத்து, நீயே கூட்டிட்டு வந்து இந்த வாசல்ல விட்டுட்டுப் போன. டீ நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பல்லாம் காலம் அப்படி. எல்லாரும் அப்படித்தான்…"

"நான் ஒண்ணும் கேக்கலயே."

அவள் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அண்டை வீட்டார் கொடுத்தனுப்பிய கோழிக்கறித் தட்டைக் கொண்டு வந்தாள். ஜிலாலி தனக்கென்று நினைத்துச் சற்று நகர்ந்து உட்கார்ந்தான். மஹ்ஜூபா தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். ஈரலைத் தேடி எடுத்து முதலில் அதைத் தின்றாள். பிறகு தொடை. கீழ்வரிசையில் பல் இல்லாத பக்கத்தைத் தவிர்த்து மற்ற பக்கத்தால் பொறுமையாக மென்றாள். பாதிக்குமேல் தின்றபின்தான், "நீயும் சாப்பிடுறியா?" என்று கேட்டாள்.

"நாலு மாசம் கழிச்சு எங்க போவ?" என்றான் ஜிலாலி.

"நாலு மாசம் கழிச்சு வந்து கேளு."

"கால் பங்குல என்னத்த…"

"அண்ணே, நாலு மாசம் பத்து நாள் எனக்குன்னு கிடைச்சிருக்கு. வேத்து ஆம்பளை யாரும் உள்ள வரக்கூடாது, நானும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. யாருக்கும் ஆக்கிப் போட வேண்டாம். இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா…" அவள் அதை முடிக்கவில்லை. எலும்பைத் தட்டோரம் வைத்தாள்.

ஜிலாலி சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டான். வண்டிக்காரன் காத்திருந்ததற்குக் கூலி கேட்டான். ஜிலாலி சந்து முழுக்க அவனோடு சண்டை போட்டுக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள் காலையில் மையவாடிக்குப் போய், மண்மேட்டில் தண்ணீர் தெளித்து, பச்சைத் தழை வைத்துவிட்டு வந்தார்கள். கத்தூர் வந்தான், ஹத்தூம் வரவில்லை. ஜிலாலி துறைமுகம் வழியாகத் திரும்பினான். புதிதாக வந்த படகிலிருந்து மத்தி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பை நிறைய வாங்கினான். தங்கைக்கு மத்தி பிடிக்கும். சின்ன வயதில் முள்ளோடு தின்பாள். கொண்டுபோய்க் கொடுப்போம், அவள் கழுவிப் பொரித்து வைத்தால் ஆளுக்குக் கொஞ்சம், பழைய பேச்சையெல்லாம் மறந்துவிடலாம் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டான்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். பதில் இல்லை. மறுபடியும் தட்டினான். மூன்றாம் தடவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான். எதிர்வீட்டில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"மஹ்ஜூபா! நான்தான், ஜிலாலி! மத்தி கொண்டாந்திருக்கேன்!"

அவனுக்குப் பயம் வந்தது. மூன்று நாளில் என்னென்னவோ நடக்கலாம். தனியாக இருக்கிற பெண். பக்கச் சந்துக்குப் போனான். அறை ஜன்னலின் மரக்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பையைக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்தான்.

நட்டநடு மத்தியானம். மஹ்ஜூபா தூங்கிக்கொண்டிருந்தாள். பெரிய மெத்தையைத் திரும்பவும் விரித்து, அதன் நட்டநடுவில் வெள்ளை அங்கியோடு வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காலுறையைக் கழற்றிப் போட்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. தலையணையில் எச்சில் வழிந்து ஒரு சின்ன ஈரம்.

ஜிலாலி ஜன்னல் கம்பியில் விரல் முட்டியால் தட்டினான். அவள் அசையவில்லை.

"எத்தனை தட்டுத்தான் தட்டுவ?" என்று மேலிருந்து யம்னா கேட்டாள். மாடிச் சுவரில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்காது அவளுக்கு."

"ஏன், என்ன ஆச்சு?"

"எந்தப் பக்கமாப் படுத்திருக்கான்னு பாரு."

ஜிலாலி பார்த்தான். வலது காது தலையணையில் புதைந்திருந்தது. இடது காது மேலே இருந்தது. அந்த இடது காதுக்கு எதுவும் கேட்காது. ஒரு ரமலானில், நோன்பு திறக்கும் நேரத்தில் சூப் ஆறியிருந்தது என்பதற்காக விழுந்த அடி. ஜிலாலிக்கு அது தெரியும்.

"கேக்குற காதை அடியில வெச்சுப் படுத்திருக்கா," என்றாள் யம்னா. "இருபது வருசமா அந்தக் காது மேலதான் இருக்கும். அந்த ஆளு படகுலருந்து எந்த நேரத்துல வருவான்னு யாருக்குத் தெரியும்? மொதத் தட்டுலயே திறக்கணும். ரெண்டாவது தட்டு தட்ட வெச்சா என்ன நடக்கும்னு இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியும்." உலர்ந்த சட்டை ஒன்றைக் கொடியிலிருந்து உருவினாள். "ரெண்டு நாளா இப்படித்தான் தூங்குறா. விடு."

கம்பியைத் தட்டத் தூக்கிய கை இன்னும் மேலேயே இருந்தது. ஜிலாலி அதைக் கீழே இறக்கினான். பையிலிருந்து மீன் தண்ணீர் அவன் காலில் சொட்டியது. உள்ளே லேசாகக் குறட்டை கேட்டது.

சந்து கல் பாவியது. அவன் செருப்பு நடக்கும்போதெல்லாம் குதிகாலில் அடித்துச் சத்தம் போடும். ஜிலாலி குனிந்து செருப்பைக் கழற்றினான். மீன் பையை ஒரு கையிலும் செருப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, சந்து முனைவரை வெறுங்காலோடு நடந்து போனான்.